சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கவும்

ஜனவரி 12

ரசமட்டத்துக்கு,

"இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டாய். போன்தான் பண்ணக் கூடாது என்றாய், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து எழுதுகிறேன். சர்வே வேலை பார்க்கிற உனக்கு ரசமட்டம் என்று உன் அண்ணன் பட்டப்பெயர் வைத்தார். என்னைச் சட்டப்புத்தகம் என்று நீயும் அவரும் சேர்ந்துகொண்டு கிண்டல் செய்ததற்கு இப்போதாவது ஒரு பலன் இருக்கட்டும்.

போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் போன பிறகு பாங்கிக்கு எழுதினேன், இன்சூரன்சுக்கு எழுதினேன், அவருடைய லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினேன். கடைசியாக மின்புத்தகக் கம்பெனி மிச்சம் இருந்தது. இன்னார் காலமாகிவிட்டார், இந்த அக்கவுண்டில் அவர் வாங்கிய புத்தகங்களை இனி மனைவியும் தங்கையும் படிப்போம், பெயரை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுதினேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். ஆனால் புத்தகங்களை அவர் வாங்கவில்லையாம், படிக்க அனுமதிதான் வாங்கினாராம். அந்த அனுமதி அவரோடு முடிந்துவிட்டதாம். மறுநாள் காலையில் வீட்டு ரீடரைத் திறந்தால் துடைத்து வைத்த சிலேட் மாதிரி இருந்தது. ஒரே அக்கவுண்ட் என்பதால் உன்னுடையதும் அப்படித்தான் ஆனது என்று நீ கத்தியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் காது மெஷின் பொருத்துகிறவள். என் கடைக்கு வந்தவர் இறந்துவிட்டால் அவர் காதில் இருந்த மெஷினைக் கழற்றி வீட்டார் கையில்தான் கொடுக்கிறோம். இன்னொருவர் காதுக்கு ஏற்றபடி அச்சை மாற்றிக்கூடத் தருகிறோம். காதில் இருந்தது வீட்டுக்கு வரும்போது கையில் இருந்த புத்தகம் வராது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு ஒரு ரீடர் வாங்க வேண்டும். கண்ணுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதால் காகிதப் புத்தகம் சரிப்படாது. எதை வாங்கினால் என் புத்தகத்தை யாரும் பிடுங்க முடியாது? இதையெல்லாம் அவரிடம் கேட்பேன். இப்போது கேட்க உன்னைத் தவிர ஆள் இல்லை.

பதில் எழுதாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள். மலையில் குளிர் அதிகம்.

அண்ணி


ஜனவரி 23

அண்ணி,

கேம்ப்புக்குத் தபால் வண்டி வாரம் ஒரு தடவைதான் வரும். அதனால் தாமதம். கோபத்தால் தாமதம் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

எந்த ரீடர் வாங்கினாலும் உங்கள் கையில் ஆபத்துதான். கொஞ்ச நாளில் ரீடர் கம்பெனிக்கும் நீங்களே ஒரு கடிதம் போடுவீர்கள். யாராவது உங்களைக் கேட்டார்களா? அவன் செத்தது அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? அக்கவுண்ட் பாட்டுக்கு இருந்திருக்கும், அவன் பெயரில்.

நான் எதற்காகக் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புத்தகத்துக்காகக் கத்தினேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே சுரங்கப்பாதை வெட்டுகிற இடத்தில் சிக்னல் கிடையாது. லீவு நாளில் கீழே டவுனுக்கு இறங்கினால்தான் என் ரீடருக்கு உயிர் வரும். வந்ததும் அது ஒரு கேள்வி கேட்கும்: இதே புத்தகத்தில் இன்னொரு கருவியில் இதைவிட முன்னே போயிருக்கிறீர்கள், அந்தப் பக்கத்துக்குப் போகலாமா? அண்ணன் இருந்தபோது வேண்டாம் என்று அழுத்துவேன். அவன் எப்போதும் எனக்கு முன்னால்தான் ஓடுவான். அவன் போய் ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். அதே கேள்வி வந்தது. பக்கம் நகர்ந்திருந்தது.

ஒரு நொடி அவன்தான் படிக்கிறான் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் நீங்கள் என்று புரிந்தது. வாழ்நாளில் ஒரு புத்தகம் படிக்காத நீங்கள் அவன் விட்ட இடத்திலிருந்து படிக்கிறீர்கள்.

அதற்கப்புறம் நான் டவுனுக்கு இறங்கியதே அதைப் பார்க்கத்தான். சில வாரம் நாலு பக்கம் நகர்ந்திருக்கும். சில வாரம் ஒன்றுமே இருக்காது, உடம்புக்கு என்னவோ என்று நினைப்பேன். போன் பண்ணினால் இருவரும் அழுவோம் என்று பயம். பக்கம் நகர்ந்திருந்தால் போதும், மேலே ஏறிவிடுவேன். அதைத்தான் நகல், சான்றிதழ் எல்லாம் வைத்து நீங்கள் மூடிவிட்டீர்கள்.

பழைய கம்பெனியின் ரீடரை மட்டும் வாங்காதீர்கள். வேறு ஒன்றும் இப்போது எழுதத் தோன்றவில்லை.

ரசமட்டம்


பிப்ரவரி 2

ரசமட்டத்துக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டேன். காது சோதனைக்கு வந்திருந்த பெரியவர், "ஏம்மா அழறீங்க, எனக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று பயந்துவிட்டார்.

நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகப் படித்திருப்பேனே. எனக்குப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். நாலு வரியில் தூக்கம் வந்துவிடும். ஆனால் அவர் கோடு போட்டு வைத்திருப்பார் பார், அந்த வரி வரும்வரை முழித்திருந்து பார்ப்போம் என்று படிப்பேன். படுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிப் படிப்பார், நடுவில் சிரிப்பார், எதற்கு என்று கேட்டால் ஒரு வரியைச் சொல்லுவார். பாதி எனக்குப் புரியாது. இப்போது அந்த வரி எந்தப் புத்தகத்தில் எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன். அனுமதி அவரோடு முடிந்துவிட்டது என்று கம்பெனி எழுதியதைப் பார்த்தபோது எனக்குப் புத்தகம் ஞாபகம் வரவில்லை, நீதான் வந்தாய். நீ எனக்கு அவர் வழியாகக் கிடைத்தவள். அவரும் இல்லை, நீயும் போன் பண்ணாதே என்கிறாய். அண்ணி என்று நீ கூப்பிடுவதும் அனுமதிதானோ, அவரோடு முடிந்ததோ என்று பயந்துபோனேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

நீ சொன்னபடி வேறு கம்பெனிக் கடைக்குப் போனேன். ஒரு பையன் ஓடிவந்து, "மேடம், இதுல ஆயிரக்கணக்குல புக் பிடிக்கும், தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். 

"நான் செத்துட்டா புக் யாருக்குப்பா?" என்று கேட்டேன். 

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அப்படில்லாம் பேசாதீங்க, ஒரு வருஷம் கேரண்டி இருக்கு" என்றான். 

"எனக்கா, மெஷினுக்கா?" என்றேன். மேனேஜரைக் கூப்பிட ஓடிப்போனான். மேனேஜருக்கும் தெரியவில்லை. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று நீ எழுதினால் மறுபடி போகிறேன். அந்தப் பையன் என்னைப் பார்த்தால் ஒளிந்துகொள்வான்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

கேரண்டி எனக்கா மெஷினுக்கா என்று கேட்டதை இங்கே சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எங்கள் என்ஜினீயருக்குப் புரையேறிவிட்டது.

கூச்சப்பட்டு எழுதிய விஷயத்துக்கு என் பதில்: பைத்தியமா உங்களுக்கு? அவ்வளவுதான். மேலே எழுதினால் நானும் அழுவேன், இங்கே நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம்.

ரீடர் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அக்கவுண்ட் எதுவும் திறக்காமல், வைஃபையைத் தொடாமல், அதில் ஒரு புத்தகத்தைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்கிற கருவி வேண்டாம், அது கடைக்காரன் வீட்டில் நமக்கு விட்ட வாடகை அறை. அடுத்து, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு சாதாரண ஃபோல்டர் மாதிரி தெரிய வேண்டும், புத்தகத்தை நாமே உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் வேண்டும். ஒரே கடையின் புத்தகம் மட்டும்தான் ஓடும் என்றால் வந்துவிடுங்கள். பின்பக்கம் திருகாணியா பசையா என்று பாருங்கள், அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் தொழிலே அதுதான். பசை என்றால் பேட்டரி செத்த அன்று ரீடரும் செத்தது.

ஆனால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி விஷயம் புத்தகத்தை எங்கே வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. சில பதிப்பகங்கள் பூட்டுப் போடாமல் ஃபைலையே கையில் கொடுக்கிறார்கள். அங்கே வாங்குங்கள். வாங்கியதும் வேறு இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், ஒன்று என்னிடம் இருக்கட்டும். பூட்டோடுதான் கிடைக்கும் என்றால் அது இரவல் என்று நினைத்துப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இங்கே மின்சாரப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், எந்தப் பூட்டையும் உடைத்துத் தருவாராம். அண்ணன் புத்தகம் ஏதாவது எங்காவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்.

ரசமட்டம்


பிப்ரவரி 20

ரசமட்டத்துக்கு,

பூட்டை உடைக்கிற பேச்சு வேண்டாம். என் கணவர் பெயரில் அது மட்டும் வேண்டாம். நீ உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது.

ஆனால் மிச்சம் இருக்கிறது.

அவர் கம்பெனியிலிருந்து அவருடைய டூல் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்களே, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன். திறக்கத் தெம்பு இல்லை. உன் கடிதத்தில் மிச்சம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் இழுத்துத் திறந்தேன். ஸ்பேனர்கள், கிரீஸ் துணி, டார்ச், அடியில் அவருடைய பழைய ரீடர். வேலைக்கு எடுத்துப் போவாரே, உறை கிழிந்தது. வீட்டில் இருப்பது புதியது, இதை மறந்தே போய்விட்டேன். லிஃப்ட் மெஷின் அறையில் சிக்னல் இருக்காது, தேடித் தேடி பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று எப்போதும் ஃப்ளைட் மோடிலேயே வைத்திருப்பார். அப்படியானால் புத்தகக் கம்பெனிக்காரர்கள் துடைத்தபோது இது அவர்கள் கண்ணில் பட்டிருக்காது, இல்லையா?

உன் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது இந்தப் பை பக்கத்தில் இருந்தது. அன்று மதியம் இதில்தான் படித்திருப்பார். சார்ஜ் இல்லை, திரையில் காலி பேட்டரிப் படம் மட்டும் இருக்கிறது.

வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு சார்ஜ் போட்டால் போதும்தானே? உன் பதில் வரும்வரை காத்திருக்கப் பார்க்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

தொடாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். எதையும் அழுத்தாதீர்கள். அது ஒரு நொடி வெளியுலகத்தோடு பேசினால் போதும், இந்த ஆள் செத்துவிட்டார், புத்தகங்களை எடுத்துக்கொள் என்று அதற்கு உத்தரவு வந்துவிடும்.

துணியில் சுற்றி அப்படியே வையுங்கள். நான் அடுத்த லீவில் வருகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். மலைக்குள் அரை மைல் உள்ளே உட்கார்ந்து திறக்கலாம். எந்தக் கம்பெனியின் கையும் அங்கே எட்டாது.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தொடாதீர்கள்.

ரசமட்டம்


மார்ச் 1

ரசமட்டத்துக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. தொட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே.

திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படி. வைஃபை பெட்டியின் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். போனையும் அணைத்தேன். பிறகுதான் சார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை முழித்துக்கொண்டது. அவர் படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே வந்தது. ஒரு துப்பறியும் கதை. நடுவில் ஒரு வரிக்குக் கோடு போட்டிருக்கிறார், அதன் முடிவில் சின்னதாக ஒரு குறிப்பு அடையாளம். தொட்டால் அவர் எழுதியது திறக்கும்.

அங்கேதான் நான் நானாகிவிட்டேன். திறப்பதற்கு முன்னால் ஃப்ளைட் மோடு உண்மையிலேயே போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மேலே இருந்த விமானப் படத்தைத் தொட்டேன். தொட்டால் நிலவரம் சொல்லும் என்று நினைத்தேன். அது ஃப்ளைட் மோடையே அணைத்துவிட்டது. நம் வீட்டு வைஃபை இல்லையே, போகட்டும் என்று பார்த்தால் மூலையில் விசிறி மாதிரி அந்தக் குறி எரிகிறது. கீழே ஸ்டேஷனரி கடையின் வைஃபை! அவர்கள் ஷட்டர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்ததற்குப் பாஸ்வேர்டு வாங்கி வைத்திருந்தார் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஓசி வைஃபை என்றால் உன் அண்ணனுக்கு அவ்வளவு பிரியம்.

என் கை தானாக வேலை செய்தது. மேசையில் காது மெஷின் திறக்கிற தகடு இருந்தது. பின்மூடியை நெம்பி, இடுக்கியால் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டேன். அவ்வளவும் மூச்சு விடுவதற்குள்.

இப்போது பார், பேட்டரி ஒரு பக்கம் கிடக்கிறது, ரீடர் ஒரு பக்கம் கிடக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது. முதலில் பயந்துவிட்டேன். இந்தத் திரைக்கு எழுத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், வைத்திருக்க வேண்டாம் என்று பிறகு புரிந்தது. ஒரு வாரமாக மேசையில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன், வந்ததும் பார்க்கிறேன்.

அவர் கோடு போட்ட வரி இது: "கயிறு அறுந்தது. லிஃப்ட் பாதாளத்தை நோக்கிப் பாய்ந்தது."

இதற்கா கோடு போட வேண்டும்? அன்றைக்கா? காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் வியர்த்திருந்தார், வெயில் என்றார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் அங்கே போய் உட்கார்ந்து அந்தக் குறிப்பில் எழுதினாரோ? எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தச் சின்ன அடையாளம் கண் எதிரிலேயே இருக்கிறது, திறக்க முடியவில்லை.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

திட்ட உட்கார்ந்தேன். சரிபார்ப்பதற்காகத் தொட்டேன் என்ற இடம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். ஆனால் அந்த நொடியில் வயரைப் பிடுங்கவும் உங்களால்தான் முடியும். நானாக இருந்தால் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே பார்த்திருப்பேன்.

இப்போது நிலைமை இதுதான். உள்ளே புத்தகங்கள் மிச்சம் இருக்கலாம், எல்லாம் போயிருக்கலாம். உத்தரவு வந்து சேர்ந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. தெரிய வேண்டுமானால் பேட்டரியை மாட்ட வேண்டும். மாட்டிய உடனே திரை ஒரு தடவை கறுத்து, நிற்கிற பக்கம் அழிந்துவிடும். புத்தகம் போயிருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வராது. மாட்டாமல் விட்டால் அந்தப் பக்கம் எத்தனையோ காலம் அப்படியே நிற்கும், ஆனால் அவன் எழுதியது என்ன என்று தெரியாமலே போகும்.

நான் ஒரு வாரம் யோசித்தேன். எனக்கு அந்தக் குறிப்பு வேண்டும். ஆனால் இதில் என் வாய் நீளக் கூடாது. அது உங்கள் மேசையில் இருக்கிற பக்கம். வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஒன்று மட்டும் நினைவு வருகிறது. பழைய ரீடர்களில் குறிப்புகள் புத்தகத்தோடு இருக்காது, தனி ஃபைலில் போய் உட்காரும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதையும் எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. உறுதி சொல்ல மாட்டேன். பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று கேட்டீர்களே. நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரசமட்டம்


மார்ச் 18

ரசமட்டத்துக்கு,

வருகிறேன். ஏப்ரல் முதல் வாரம் கடையைப் பூட்டிவிட்டு ரீடரையும் பேட்டரியையும் தனித்தனியாகச் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் எந்த ஊரில் எந்த வைஃபையும் அதைத் தொட முடியாது.

பக்கத்தை வைத்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று பத்து தடவை முடிவு செய்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை எழுதியவர் யாரோ. உன் அண்ணன் சொன்னது அந்தச் சின்ன அடையாளத்துக்குப் பின்னால் இருக்கிறது. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்காமல் இருந்தால் நான் என்ன காது மெஷின்காரி?

போய்விட்டால் போகட்டும். ஆனால் தனியாக உட்கார்ந்து பார்க்க மாட்டேன். நீ பக்கத்தில் இரு.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள். தலையில் ஹெல்மெட் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் உட்கார்ந்து முதலில் அழுது அப்புறம் அப்படிச் சிரித்த அம்மா யார் என்று துளையிடுகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். என் அண்ணி என்று சொன்னேன். சொல்ல நன்றாக இருந்தது.

நீங்கள் பேட்டரியை மாட்டியபோது திரை கறுத்து அந்தப் பக்கம் போனதே, என் கையை நீங்கள் பிடித்த பிடியில் இன்னும் நகத்தடம் இருக்கிறது. பிறகு திறந்தால் புத்தகம் ஒன்றுகூட இல்லை. அந்த நிமிஷம் நான் உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கேபிளைத் தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சர்வே கம்ப்யூட்டரில் செருகியபோதும் எனக்கு நம்பிக்கை இல்லை. காலி ஃபோல்டர்களுக்கு நடுவில் அந்த ஒற்றை ஃபைல் இருந்தது. கம்பெனிக்காரர்கள் கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அவன் எழுதியதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கடைசிக் குறிப்பை நீங்களே படிக்கப் பார்த்து, உங்களால் முடியாமல் போக, நான் படித்தேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், கடிதத்தில் இருந்தால் எந்த அக்கவுண்டும் தொடாது:

"பொய்! ஒரு கயிறு அறுந்தா லிஃப்ட் விழாது. மத்த கயிறு இருக்கு. எல்லாமே அறுந்தாலும் பிரேக் தானா தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். எழுதறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கைக் கேட்டா என்ன? ரசமட்டம் இந்தக் கதையை நல்லா இருக்குன்னு சொன்னா, அவளோட சண்டை."

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை அண்ணி. எவனோ ஒரு எழுத்தாளனைத் திட்டிக்கொண்டு, என்னோடு போடப்போகிற சண்டையை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஃபைலின் நகலை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பையன் ஒளிந்துகொள்வதற்குள் கடைக்குப் போங்கள்.

ரசமட்டம்


மே 3

ரசமட்டத்துக்கு,

இந்தப் பார்சலைப் பிரித்தால் ஒரு ரீடர் இருக்கும். என்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அக்கவுண்ட் இல்லாமல் திறந்து, கேபிள் போட்டுப் பார்த்து, பின்பக்கத் திருகாணியை என் தகட்டால் நானே கழற்றி மாட்டிக் காட்டினேன். பையன் கைதட்டினான். "மேடம், நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்க" என்றான்.

அந்தத் துப்பறியும் கதையைப் பதிப்பகத்திலேயே கேட்டு பூட்டு இல்லாத ஃபைலாக வாங்கினேன். இரண்டிலும் போட்டிருக்கிறேன். அவருடைய குறிப்பு ஃபைலும் இரண்டிலும் இருக்கிறது. நான் கதையை முதலிலிருந்து படிக்கிறேன். லிஃப்ட் வருகிற இடம் வந்தால் அவர் திட்டியதை எடுத்துப் படிப்பேன்.

ஒரே ஒரு குறை. இந்த ரீடர்கள் ஒன்றோடொன்று பேசாது. நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று இனி உன் கருவி உனக்குச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் நானே எழுதிவிடுகிறேன். ஆனால் எழுத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் பக்க எண் ஒத்துப்போகும் என்று பையன் சொன்னான். எனக்கோ பெரிய எழுத்து வேண்டும், உனக்கு அது கண்ணைக் குத்தும். உன் வசதிப்படி வைத்துக்கொள், நான் என் பக்கத்தைக் கணக்குப் போட்டு மாற்றி எழுதுகிறேன்.

இப்போதைக்கு முப்பத்திரண்டாம் பக்கம்.

அண்ணி


மே 11

அண்ணிக்கு,

கணக்கெல்லாம் போட வேண்டாம். எழுத்தை உங்கள் அளவுக்கே பெரிதாக்கிவிட்டேன். திரைக்கு ஒன்பது வரிதான் வருகிறது. பக்கத்துக் கட்டிலிலிருந்தே தெரிகிறது, அறையில் எல்லோரும் என்னோடு சேர்ந்து படிக்கிறார்கள்.

நான் பதினெட்டில் இருக்கிறேன். இந்தத் தடவை நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன். கதை இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணன் வந்து சண்டை போடட்டும்.

ரசமட்டம்